எக்ஸ்மஸ்: ஒரு திருப்பெயர்ச் சுருக்கத்தின் வரலாறும் கிறித்தவர் பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

கிறிஸ்துமஸ் என்னும் விழாப்பெயரை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்மஸ்’ எனச் சுருக்கி எழுதுவது கிறிஸ்துவின் பெயரை விழாவிலிருந்து அகற்றும் செயல் என்னும் குற்றச்சாட்டு 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அச்சுருக்கத்தின் முதலெழுத்து கிரேக்க மொழியில் கிறிஸ்துவின் பெயருக்கு முதலாக வரும் ‘கீ’ என்னும் எழுத்தே என்பது இக்குற்றச்சாட்டுக்கு வழக்கமாகக் கூறப்படும் மறுமொழி. இவ்விரு நிலைப்பாடுகளையும் எழுத்து வரலாற்றின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. வணக்கத்தின் அடையாளமாகத் தோன்றிய ஒரு சுருக்கம், அதனை வாசிக்கும் முறை மாறியபோது தனிச்சொல்லாக மாறியது என்பதும், சுருக்கியவர்களையும் சுருக்கத்தை எதிர்த்தவர்களையும் பெயரின் புனிதம் பற்றிய ஒரே உணர்வே இயக்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: எக்ஸ்மஸ், கிறிஸ்துமஸ், திருப்பெயர்ச் சுருக்கம், கீ-ரோ, சுவடியியல், கிறித்தவ வரலாறு.

முன்னுரை

திசம்பர் மாதத்தில் வாழ்த்து மடல்களிலும் கடை விளம்பரங்களிலும் காணப்படும் ‘எக்ஸ்மஸ்’ என்னும் வடிவம் ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் கிறித்தவரிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாட்டை ஏற்படுத்தி வருகிறது. இதனைச் சோம்பலால் விளைந்த குறுக்கெழுத்தாகச் சிலர் காண்கின்றனர். வணிக உலகம் கிறிஸ்துவின் பெயரை வேண்டுமென்றே மறைப்பதாகச் சிலர் காண்கின்றனர். திருச்சபையின் மிகத் தொன்மையான மரபொன்றின் எச்சமாகச் சிலர் காண்கின்றனர். நம்பிக்கையாளர் ஒருவர் அனுப்பிய வாழ்த்து மடலையே மற்றொரு நம்பிக்கையாளர் அவமதிப்பாகக் கொள்ளும் நிலை இதனால் உருவாகியுள்ளது.

தமிழகத்திலும் இச்சுருக்கம் அறியப்படாததன்று. விழாக்காலப் பதாகைகளிலும் காகித நட்சத்திரங்களிலும் ஆங்கில எழுத்தில் இவ்வடிவம் இடம்பெறுவதுண்டு. எனினும் தமிழ் எழுத்தில் கிறிஸ்துவின் பெயர் முழுமையாகவே எழுதப்படுவதால் இச்சிக்கல் தமிழுக்குள் எழவில்லை. ஆகவே சிக்கலின் வேர்களைக் கிரேக்க, இலத்தீன், ஆங்கில எழுத்து மரபுகளில் தேடுவதே பொருத்தமாகும்.

1. தொடக்ககாலப் படிகளில் திருப்பெயர்கள்

கிரேக்க மொழியில் கிறிஸ்துவின் பெயர் ‘கிறிஸ்தோஸ்’. திருப்பொழிவு பெற்றவர் என்பது இதன் பொருள். இச்சொல்லின் முதலெழுத்து ‘கீ’. ஆங்கில வழக்கில் ‘கை’ என ஒலிக்கப்படும். இரு சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் வடிவம் கொண்ட இவ்வெழுத்து, இலத்தீன் நெடுங்கணக்கின் எக்ஸ் எழுத்தோடு வடிவில் ஒத்தது, ஒலியில் வேறுபட்டது. இரண்டாம் எழுத்தாகிய ‘ரோ’, இலத்தீன் ‘பி’ எழுத்தின் வடிவம் உடையது. வடிவ ஒற்றுமையும் ஒலி வேற்றுமையும் சேர்ந்து வருவதே பின்னாளில் தோன்றிய குழப்பம் அனைத்துக்கும் அடிப்படை.

கி.பி. 200 அளவைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் பாப்பிரஸ் 46 என்னும் படி தூய பவுலின் திருமுகங்களைக் கொண்டது. இதன் ஏடுகள் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்திலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. இப்படியிலும், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் படிகளிலும் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய பெயர்கள் சுருக்கி எழுதப்பட்டு அவற்றின்மேல் ஒரு கிடைக்கோடு இடப்பட்டுள்ளது. பெரும்பாலும் சொல்லின் முதலெழுத்தும் இறுதி எழுத்தும் எழுதப்படும், இடையிலுள்ளவை விடப்படும். தந்தை, மகன், ஆவி, சிலுவை, எருசலேம் முதலிய சொற்களும் காலப்போக்கில் சேர்ந்து, இவ்வாறு சுருக்கப்படும் சொற்கள் பதினைந்தாயின. செருமானிய அறிஞர் லுட்விக் திராவுபே 1907இல் வெளியான தம் நூலில் இவற்றுக்கு ‘நோமினா சாக்ரா’, அதாவது ‘திருப்பெயர்கள்’ என்னும் பெயரை வழங்கினார்.

இச்சுருக்கத்தின் நோக்கம் இடத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்துவது எனின், அடிக்கடி வரும் நீண்ட சொற்களே முதலில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ என்பன கிரேக்கத்தில் சிறிய சொற்களே. பரந்த ஓரவெளி விட்டு எழுதப்பட்ட படிகளிலும் இவை சுருக்கப்பட்டுள்ளன. ‘ஆண்டவர்’ என்னும் சொல் இறைவனைக் குறிக்காமல் உலகியல் தலைவனைக் குறிக்கும் இடங்களில் முழுமையாக எழுதப்படுவதைப் பல படிகளில் காணலாம். இவ்வேறுபாடு எல்லாப் படிகளிலும் ஒரே சீராகப் பின்பற்றப்படவில்லை என்பதும் உண்மை. வணக்கத்திற்குரிய பெயரை ஏனைய சொற்களிலிருந்து பிரித்துக் காட்டுவதே இம்முறையின் முதன்மை நோக்கம் என லாரி உர்டாடோ போன்ற ஆய்வாளர் கருதினர். கிறிஸ்டோபர் டக்கெட் இக்கருத்தை ஐயுற்று, வாசிப்போருக்கு உதவும் குறிகளாகவும் இவை அமைந்திருக்கலாம் என்றார். ஆயினும் கிறிஸ்துவை மறைப்பதற்காக இச்சுருக்கம் தோன்றியது எனக் கொள்ள இவ்விருவர் ஆய்விலும் இடமில்லை.

யூத மரபும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இறைவனின் நான்கெழுத்துப் பெயரை யூதர் வாய்விட்டு உச்சரிப்பதில்லை. சாக்கடல் சுருள்கள் சிலவற்றில் அப்பெயர் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் தனித்துத் தெரியுமாறு எழுதப்பட்டுள்ளது. எழுத்தின் தோற்றத்தை மாற்றுவதன்வழி பெயருக்குச் சிறப்புச் செய்யும் வழக்கம் கிறித்தவத்துக்கு முன்பே அங்கு நிலவியது.

2. எண்ணாகவும் எழுத்தாகவும் பெயர்

சுருக்கப்பட்ட பெயருக்குப் பொருள் காணும் முயற்சியும் மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பர்னபா திருமுகம், ஆபிரகாமின் வீட்டார் 318 பேர் என்னும் தொடக்கநூல் செய்தியை எடுத்துக்கொள்கிறது. கிரேக்கத்தில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. பதினெட்டைக் குறிக்கும் இரு எழுத்துகள் இயேசுவின் பெயரின் முதலிரு எழுத்துகள். முந்நூற்றைக் குறிக்கும் ‘தவ்’ எழுத்து சிலுவை வடிவம். ஆகவே அவ்வெண்ணில் சிலுவையும் இயேசுவும் உள்ளனர் என்பது அத்திருமுகத்தின் விளக்கம். அதே நூற்றாண்டில் வாழ்ந்த தூய யுஸ்தின், பிளேட்டோ உலக அமைப்பை விளக்கக் கையாண்ட ‘கீ’ வடிவத்தைச் சிலுவையோடு தொடர்புபடுத்தினார்.

இத்தகைய மனப்பாங்கு தமிழ் வாசகர்க்கு அயலானதன்று. மடலின் தலைப்பில் 786 என எழுதும் இசுலாமியர் வழக்கு, இறைவனின் திருப்பெயரால் தொடங்கும் வாசகத்தின் எழுத்துகளுக்குரிய எண்மதிப்பின் கூட்டுத்தொகையையே குறிக்கிறது. தாள் கீழே விழுந்து மிதிபட்டாலும் திருப்பெயருக்கு இழுக்கு நேரக்கூடாது என்னும் எண்ணம் அவ்வழக்குக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. எண்ணை எழுதுவது பெயரைச் சொல்வதற்கு ஈடாகாது என்று அதனை மறுக்கும் மார்க்க அறிஞரும் உளர். பெயரைக் காக்கவே அதனைச் சுருக்குவோரும், பெயரைக் காக்கவே சுருக்கத்தை மறுப்போரும் ஒரு சமயத்துக்குள்ளேயே இருக்க இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

3. கீ-ரோ: பெயரெழுத்து பொதுச்சின்னமாதல்

கி.பி. 312இல் மில்வியப் பாலப் போருக்கு முன் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் வீரர்களின் கேடயங்களில் கிறிஸ்துவின் அடையாளத்தைப் பொறிக்கச் செய்தார் என லாக்டான்சியுஸ் எழுதினார். கீ எழுத்தும் ரோ எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கொடியினை யூசிபியுஸ் விரித்துரைத்தார். 315இல் திசினும் நகரில் வெளியிடப்பட்ட வெள்ளிப் பதக்கத்தில் பேரரசரின் தலைக்கவசத்தில் இச்சின்னம் காணப்படுகிறது. இவ்விரு எழுத்துகளின் இணைப்பு கிறித்தவத்துக்கு முன்பே, நூல்களின் ஓரத்தில் பயனுள்ள பகுதியைச் சுட்டும் குறியாகக் கிரேக்கரிடையே வழங்கியது. பழைய குறியொன்று புதிய பொருளை ஏற்பது இச்சுருக்கத்தின் வரலாற்றில் ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று.

இலத்தீன் எழுத்தர்கள் கிரேக்க எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, இலத்தீன் வேற்றுமை விகுதிகளை இறுதியில் சேர்த்து எழுதினர். கி.பி. 800 அளவில் உருவான கெல்ஸ் நூல் இம்மரபின் உச்சம். டப்ளின் திரித்துவக் கல்லூரி நூலகத்திலுள்ள இந்நற்செய்திப் படியின் 34ஆம் ஏட்டில், மத்தேயு நற்செய்தி கிறிஸ்துவின் பிறப்பைக் கூறத் தொடங்கும் இடத்தில், அவர் பெயரின் மூன்றெழுத்துச் சுருக்கம் ஏறத்தாழ முழுப் பக்கத்தையும் நிறைத்து நிற்கிறது. அதில் முதலிடம் பெறுவது கீ எழுத்தே. சுருக்கம் இங்கு இடத்தை மிச்சப்படுத்தவில்லை. மூன்று எழுத்துகளுக்கு ஒரு பக்கத்தையே அளித்துள்ளது. கிறிஸ்து பிறப்புச் செய்தியும் கீ எழுத்தும் இணைந்த இப்பக்கம், எக்ஸ்மஸ் என்னும் வடிவம் அச்சில் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

4. ஆங்கிலத்தில் விழாவின் பெயர்

‘கிறிஸ்துவின் திருப்பலி’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து கிறிஸ்துமஸ் என்னும் சொல் தோன்றியது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்புகளின் படிகளில் கீ, ரோ எழுத்துகளோடு திருப்பலியைக் குறிக்கும் சொல் இணைந்த வடிவம் காணப்படுகிறது. கிறித்தவன், கிறிஸ்டோபர் முதலிய சொற்களும் இவ்வாறே கீ எழுத்தால் சுருக்கப்பட்டன. கொலம்பசு தம் பிற்கால மடல்களில் இட்ட கையொப்பத்திலும் ‘கிறிஸ்துவைச் சுமப்பவர்’ என்னும் பொருள்படத் தம் பெயரின் முற்பகுதியைக் கிரேக்க எழுத்துகளால் எழுதினார். ரோ எழுத்து மறைந்து கீ மட்டும் எஞ்சிய நிலையில் எக்ஸ்மஸ் உருவாயிற்று. கோல்ரிட்ஜ், பைரன், லூயிஸ் கரோல் ஆகியோர் எழுத்துகளிலும் இச்சுருக்கம் இடம்பெற்றது. இவர்களுள் கோல்ரிட்ஜ் கிறித்தவ இறையியலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அவர் கிறிஸ்துவின் பெயரை விலக்க எண்ணினார் எனக் கருதுவதற்கில்லை.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விழாவின் பெயர் குறித்து எழுந்த பூசல் இச்சொல்லின் முற்பகுதியைப் பற்றியதன்று. கத்தோலிக்கத் திருப்பலியை நினைவூட்டும் பிற்பகுதியே தூய்மைவாதிகளை உறுத்தியது. அவர்களுள் சிலர் ‘மஸ்’ என்பதை நீக்கி, ‘கிறிஸ்துவின் காலம்’ எனப் பொருள்படும் ‘கிறைஸ்ட்-டைட்’ என்னும் சொல்லை வழங்கினர். 1610இல் அரங்கேறிய பென் ஜான்சனின் ‘தி ஆல்கெமிஸ்ட்’ நாடகம் இவ்வழக்கை எள்ளல் செய்கிறது. 1647 சூன் மாதத்தில் நாடாளுமன்றம் இவ்விழாவையே நீக்கி ஆணையிட்டது. 1660இல் முடியாட்சி மீண்டபின் விழா மீண்டும் உரிய இடம் பெற்றது. விழாப்பெயரின் எப்பகுதி சமய உணர்வைத் தொடுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறுவதை இது காட்டுகிறது.

5. குற்றச்சாட்டு எழுந்த சூழல்

சுருக்கத்தின் வடிவம் மாறாதிருக்க, அதனை வாசிப்போர் மாறினர். கிரேக்கமும் இலத்தீனும் கற்றோர் மடல்களில் வழங்கியவரை கீ எழுத்தைக் கண்டதும் கிறிஸ்துவின் பெயர் நினைவுக்கு வந்தது. பொதுக்கல்வியும் நாளிதழும் விளம்பரமும் பெருகியபின், அம்மொழிகளை அறியாத பெருந்திரளான வாசகர்க்கு அது ஆங்கில எக்ஸ் எழுத்தாக மட்டுமே தெரிந்தது. அவ்வெழுத்துக்கோ வேறு பொருள்கள் சேர்ந்திருந்தன. தேக்கார்த்து 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலுக்குப்பின் அது கணிதத்தில் அறியப்படாத அளவின் குறியாக நிலைபெற்றது. தவறான விடையைச் சுட்டவும், வேண்டாததை அடித்துவிடவும் அதே வடிவம் பயன்பட்டது. இப்பின்னணியில் எக்ஸ்மஸ் என்பதைக் காண்பவர் ‘கிறிஸ்து’ என்னும் பெயர் அடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பெயரற்ற ஏதோ ஒன்று வைக்கப்பட்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை.

வணிகப் பெருக்கம் இவ்வுணர்வைக் கூர்மையாக்கியது. 1948இல் மில்லிசென்ட் பென்விக் எழுதிய வோக் இதழின் நன்னடத்தை நூல், வாழ்த்து மடல்களில் இச்சுருக்கத்தைப் பயன்படுத்தலாகாது என்றது. 1949இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கத்தோலிக்க அன்னையர் அமைப்பொன்று விழாவில் கிறிஸ்துவை மீண்டும் நிலைநிறுத்தும் இயக்கத்தை முன்னெடுத்தது. 1977இல் நியூ ஆம்ப்ஷயர் மாநில ஆளுநர் மெல்ட்ரிம் தாம்சன், எக்ஸ்மஸ் என்பது கிறித்தவமல்லாதோர் எழுத்துமுறை எனக் கூறி, அதனைத் தவிர்க்குமாறு இதழாளரை வேண்டினார். இக்கூற்று சுருக்கத்தின் பிறப்பு வரலாற்றுக்கு நேர்மாறானது.

ஆயினும் எதிர்ப்பு முழுவதையும் அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. சி.எஸ். லூயிஸ் 1954 திசம்பரில் ‘டைம் அண்ட் டைட்’ இதழில், எரோடோட்டசின் விடுபட்ட இயல் என்னும் பாவனையில் ஓர் அங்கதக் கட்டுரை வெளியிட்டார். கற்பனைத் தீவொன்றில் ஒரே நாளில் ‘எக்ஸ்மஸ்’, ‘கிறிஸ்மஸ்’ என இரு விழாக்கள் நிகழ்கின்றன. முன்னது மடல்களும் பரிசுகளும் வாங்கிக் களைத்துப்போகும் சந்தை விழா. பின்னது சிலர் மட்டும் கொண்டாடும் சமய விழா. லூயிஸ் இடைக்கால இலக்கியப் பேராசிரியர். கிரேக்கம் நன்கு கற்றவர். கீ எழுத்தின் வரலாறு அறியாமல் அவர் இவ்வாறு எழுதினார் எனக் கொள்ள இயலாது. தம் காலத்தில் அச்சொல் எதற்குப் பெயராகிவிட்டது என்பதையே அவர் காட்டினார்.

சுருக்கம் சொல்லாக மாறும் இடம் இங்குப் புலப்படுகிறது. தொடக்ககாலப் படிகளில் சுருக்கி எழுதப்பட்ட பெயர், வழிபாட்டில் முழுமையாகவே ஒலிக்கப்பட்டது. கண்ணுக்கு மட்டுமே அது சுருக்கம், செவிக்கு முழுப்பெயர். எக்ஸ்மஸ் என்பதும் கிறிஸ்துமஸ் என்றே வாசிக்கப்பட்டவரை அந்நிலை தொடர்ந்தது. எழுதியவாறே ‘எக்ஸ்’ என ஒலிக்கத் தொடங்கியபோது, கிறிஸ்துவின் பெயர் செவியிலிருந்தும் நீங்கியது. எதிர்ப்பாளர் உணர்ந்த இழப்பு எழுத்தின் தோற்றத்தில் இல்லை, ஒலிப்பில் உள்ளது.

6. இரு ஒப்பீடுகள்

இயேசுவின் பெயரின் கிரேக்கச் சுருக்கமும் இதுபோன்றே மறதிக்கு உள்ளானது. அதன் இரண்டாம் எழுத்தாகிய ‘ஈட்டா’, இலத்தீன் ‘எச்’ எழுத்தின் வடிவம் கொண்டது. கிரேக்க ஒலியை மறந்த இலத்தீன் மரபினர் அதனை ‘எச்’ என்றே கொண்டு, ‘மனிதரின் மீட்பராகிய இயேசு’ என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளாக மூன்றெழுத்துக்கும் விளக்கம் கண்டனர். சியெனா நகரின் தூய பெர்னார்தின் (1380–1444) இச்சுருக்கம் பொறித்த பலகையை ஏந்தித் திருப்பெயர் வணக்கத்தைப் பரப்பினார்; இயேசு சபை இதனைத் தன் முத்திரையாக ஏற்றது. தமிழகத்தின் பல கத்தோலிக்கக் கோவில் பீடங்களிலும் இன்று அம்மூன்றெழுத்தைக் காணலாம். ஒரு பெயரில் மறதி புதிய பக்தியைத் தோற்றுவித்தது. மற்றொரு பெயரில் ஐயத்தைத் தோற்றுவித்தது. முன்னதைத் திருச்சபை தன் பீடத்தில் வைத்தது. பின்னதைச் சந்தை தன் பலகையில் வைத்தது. வேறுபாட்டுக்குக் காரணம் எழுத்தன்று, அது நின்ற இடமே.

பிறமொழிகளில் விழாவின் பெயரும் கருதத்தக்கது. பிரெஞ்சு மொழியின் ‘நோயல்’, போர்த்துக்கீசிய ‘நத்தால்’, அதன்வழி இலங்கைத் தமிழில் வழங்கும் ‘நத்தார்’ ஆகியவற்றில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. செருமானியப் பெயர் திருஇரவைக் குறிக்கும். சுவீடிய மொழியின் ‘யூல்’ கிறித்தவத்துக்கு முற்பட்ட சொல். இம்மொழிகளைப் பேசும் கிறித்தவர் எவரும் தம் விழாவில் கிறிஸ்து இல்லை எனக் கருதுவதில்லை. தமிழ்க் கத்தோலிக்க வழிபாட்டு நூல்களோ ‘கிறிஸ்து பிறப்புப் பெருவிழா’ எனப் பெயரையும் நிகழ்வையும் ஒருசேரக் கூறுகின்றன.

7. இன்றைய நிலைப்பாடுகள்

அமெரிக்க இறையியலாளர் ஆர்.சி. ஸ்ப்ரௌல் போன்றோர் கீ எழுத்தின் வரலாற்றை எடுத்துரைத்து, இச்சுருக்கத்தில் இழிவு எதுவுமில்லை என விளக்கினர். கொலம்பசு வீரர்கள் என்னும் கத்தோலிக்க அமைப்பு விழாவில் கிறிஸ்துவைப் போற்றிக் காக்குமாறு இன்றும் வலியுறுத்தி வருகிறது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு இச்சுருக்கத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. கிழக்குத் திருச்சபைகளின் திருவோவியங்களிலோ கிறிஸ்துவின் தலைக்கு இருபுறமும் கீ எழுத்துடன் கூடிய சுருக்கங்கள் இன்றும் தீட்டப்படுகின்றன. அவற்றின்முன் மெழுகுதிரி ஏற்றுவோர் பெயர் குறைந்ததாகக் கருதுவதில்லை.

முடிவுரை

எக்ஸ்மஸ் என்னும் வடிவம் கிறிஸ்துவை நீக்கும் நோக்கில் உருவாக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டுக்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஒரு சொல்லின் இன்றைய பொருளை அதன் பிறப்பு மட்டும் உறுதி செய்வதில்லை என்பதும் அதேயளவு உண்மை. ஆகவே கீ எழுத்தின் தொன்மையைக் கூறுவது எழுதியவரின் நோக்கத்தைப் பழியிலிருந்து விடுவிக்கும். வாசிப்பவரின் மனவருத்தத்தை முழுமையாகத் தீர்க்காது.

எகிப்தின் பாப்பிரசில் பெயரைச் சுருக்கி அதன்மேல் கோடிட்ட எழுத்தரும், வாழ்த்து மடலில் அப்பெயரை முழுமையாக எழுதுமாறு வேண்டிய மில்வாக்கி அன்னையரும் பெயரை ஏனைய சொற்களோடு ஒன்றாக வைக்க மனம் ஒவ்வாதவர்கள். முன்னவர்க்குச் சுருக்குதல் வணக்கம். பின்னவர்க்கு விரித்தெழுதுதல் வணக்கம். இதனை உணர்ந்தால், சுருக்கி எழுதுபவரைப் பற்றற்றவர் என்றோ, விரித்தெழுதச் சொல்பவரை அறியாதவர் என்றோ முடிவு கட்டுவதற்கு இடமிராது.